236 பேரின் விடுதலைக்கு வழிவிட்ட ஒரு ஃபாண்ட்!

[திரையில்: பெரிய எழுத்தில் 'கலிப்ரி']

வணக்கம் நண்பர்களே! திரையில் தெரிகிற இந்த எழுத்துருவை நீங்கள் ஆயிரம் முறையாவது பார்த்திருப்பீர்கள். பெயர் கலிப்ரி. பல வருடங்களாக வேர்டைத் திறந்தாலே தானாக வந்து நின்ற ஃபாண்ட் இதுதான். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று ஒரு நாட்டின் ராணுவ அதிகாரிகள் கூண்டோடு சிறைக்குப் போனார்கள். அந்த வழக்கின் அடித்தளத்தை ஆட்டியதில் இந்த ஃபாண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு, துருக்கி. 2010 ஜனவரியில் தராஃப் என்ற நாளிதழ் ஒரு சதித்திட்டத்தை வெளியிட்டது. 2003-இல் ராணுவம் தீட்டியதாம், பெயர் 'பால்யோஸ்'. 2012 செப்டம்பரில் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. மூன்று ஓய்வுபெற்ற தளபதிகளுக்கு 20 ஆண்டுகள்.

சரி, ஆதாரம் என்ன? முக்கியமாகச் சில சிடிக்கள். அவற்றுக்குள் வேர்டு கோப்புகள். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் யார் உருவாக்கியது, எப்போது சேமித்தது என்ற குறிப்பு தானாகப் பதிவாகும். அதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். இந்தக் கோப்புகளின் மெட்டாடேட்டா 2002, 2003 என்றது. சிடி எழுதப்பட்ட தேதியும் 2003 மார்ச். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது அல்லவா?

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தத் தேதியைக் கணினி எங்கிருந்து எடுக்கிறது? தன் கடிகாரத்திலிருந்து. அந்தக் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். உங்கள் கணினியில் தேதியை 2003-க்கு மாற்றிவிட்டு ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். அது 2003 என்றுதான் பதிவாகும். கணினிக்குச் சந்தேகப்படத் தெரியாது.

[திரையில்: ஒரு கோப்பின் உட்பகுதி, வரிவரியாக]

ஆனால் கடிகாரத்தைத் திருப்புகிறவரால் மென்பொருளின் வயதைத் திருப்ப முடியாது. ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அந்த சிடிக்களின் நகலை ஆராய்ந்தது. கோப்புகளின் உள்ளே, திரையில் தெரியாத பகுதியில், கலிப்ரியின் பெயர் இருந்தது. கலிப்ரி பொதுமக்கள் கைக்கு வந்தது ஆஃபிஸ் 2007-உடன்! கடிதத்தில் 2003 என்று தேதி, மேலே ஒட்டியிருப்பதோ 2007-இல் வெளியான தபால் தலை. அப்படி ஒரு நிலைமை.

உடனே ஒரு கேள்வி வரும். பழைய கோப்பைப் பிற்பாடு புது வேர்டில் யாராவது திறந்து சேமித்திருக்கலாமே? நல்ல கேள்விதான். ஆனால் அரசுத் தரப்பின் கதைப்படியே அந்தச் சிடி 2003 மார்ச்சில் ஒரே தடவையில் எழுதி முடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அதிலுள்ள கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அப்படியென்றால் 2003-இல் முடிந்துபோன சிடிக்குள் 2007 எப்படி வந்தது? இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்த்துவிடும். பொய்யை உண்மையாகக் காட்டக் கொண்டுவந்த சிடியே பொய்க்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2003 ஆவணம் என்று சொல்லப்பட்டதில் ஒரு மருந்து நிறுவனத்தின் பெயர் 'யெனி ரெகோர்டாட்டி' என்றிருந்தது. ரெகோர்டாட்டி என்ற இத்தாலிய நிறுவனம் அதை 2008-இல்தான் வாங்கியது. அதற்கு முன் அந்தப் பெயரே கிடையாது.

இதையெல்லாம் ஊரறியச் சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட தளபதி செத்தின் டோகானின் மகள் பினார் டோகானும் மருமகன் டானி ரோட்ரிக்கும். இருவரும் ஹார்வர்டில் பொருளாதாரம் கற்பித்தவர்கள். இவ்வளவு வெளிவந்த பிறகும் 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 237 பேரின் தண்டனையை உறுதி செய்தது. நினைத்தாலே கோபம் வருகிறது. 2014 ஜூனில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம், டிஜிட்டல் ஆதாரங்களைக் கையாண்ட விதம் நியாயமான விசாரணைக்கு எதிரானது என்றது. மறுவிசாரணை நடந்தது. 2015 மார்ச் 31 அன்று 236 பேரும் விடுதலை.

அப்புறம், சதியே இல்லாமல் வெறும் அரைகுறை அறிவாலும் ஒருவரைத் தண்டிக்க முடியும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில், 2004-இல், ஒரு தற்காலிக ஆசிரியையின் வகுப்பறைக் கணினியில் ஆபாசப் படங்கள் குபுகுபுவென்று திறந்தன. 2007-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு. அதிகபட்சம் 40 ஆண்டு சிறை காத்திருந்தது. அரசுத் தரப்பு காட்டிய ஒரு ஆதாரம்: ஒரு சுட்டி, அதாவது லிங்க், சிவப்பாக இருக்கிறது, ஆகவே அவர் அதை அழுத்தியிருக்கிறார். தன்னார்வ நிபுணர்கள் ஹார்ட் டிஸ்க்கின் நகலைத் திறந்து பார்த்தார்கள். அந்தச் சிவப்பு, பக்கத்தை வடிவமைத்தவர் கோடிங்கில் போட்ட நிறம். அந்தக் கணினியில் அழுத்திய சுட்டிக்கு வைத்திருந்த நிறமோ பச்சை! கூடவே, பாப்-அப்களைக் கொட்டும் ஸ்பைவேரும் உள்ளே இருந்தது. 2007 ஜூனிலேயே அந்தத் தீர்ப்பு ரத்தானது.

டென்மார்க்கில் 2019-இல் இன்னும் பெரிய அதிர்ச்சி. செல்போன் தரவைப் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றித் தரும் போலீஸ் மென்பொருளிலேயே பிழை. 10,000-க்கும் மேற்பட்ட பழைய வழக்குகளை மீண்டும் புரட்ட வேண்டியதாயிற்று. 32 பேர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகர்களைத் திருடர்களாக்கிய கதைக்குத் தனி வீடியோவே வேண்டும். வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், கண்டிப்பாகப் போடுகிறேன்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். துருக்கியிலும் கனெக்டிகட்டிலும் உண்மை வெளிவந்தது, வெளியாட்களின் கைக்கு அசலின் முழு நகல் கிடைத்ததால். போலீஸ் எடுத்துக் கொடுக்கும் பிரிண்ட் அவுட்டில் கலிப்ரி தெரியாது, ஸ்பைவேரும் தெரியாது. டிஸ்க்கின் ஒவ்வொரு பிட்டையும் அப்படியே எடுத்த நகல் வேண்டும். அதற்கு 'இமேஜ்' என்று பெயர். கைப்பற்றிய அன்றே அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டை, எழுதி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். இந்த இமேஜைப் பிரதிவாதித் தரப்புக்குக் கொடுப்பது சலுகை அல்ல, உரிமை. என்னைக் கேட்டால், அதைக் கொடுக்க மறுக்கும் வழக்கில் டிஜிட்டல் ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்கவே கூடாது.

சட்டம் படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள். குறுக்கு விசாரணையில் அவர் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகள்: இமேஜ் எங்கே? ஹாஷ் என்றைக்கு எடுத்தது?