சிரித்தால் முழங்கால் மடங்குவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். தூக்கக் கோளாறுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். குறட்டை, தூக்கமின்மை, ராத்திரியில் வரும் கால் குடைச்சல் என்று மூன்று நான்கு குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் பல ஆண்டுகளாக என் மனதை விட்டு அகலாதவர்கள், பகலில் தங்களை மீறித் தூங்கிப்போகிறவர்கள்தான். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் ஓர் இளைஞர் வந்தார். 15 வயதில் தொடங்கிய தொல்லை, வரும்போது அவருக்கு 26. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும், பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். வீட்டில் சோம்பேறி என்றார்கள், பள்ளியில் அக்கறை இல்லாதவன் என்றார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒருநாள் நண்பர் ஏதோ வேடிக்கை சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். அடுத்த நொடியே கழுத்து தொய்ந்து, தாடை தளர்ந்து, முழங்கால் மடங்கிச் சரிந்துவிட்டார். கையிலிருந்த டம்ளர் உருண்டு ஓடிய சத்தம் அவருக்குக் கேட்டது. “தண்ணி தெளிங்க” என்று யாரோ பதறியதும் கேட்டது. பதில் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. ஒரு நிமிடத்தில் தானாகவே எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார், சிரிப்பு வந்துவிடுமே என்று.

மயக்கம் என்றால் நினைவு தப்ப வேண்டும். இவருக்கு நினைவு தப்பவில்லை, எல்லாம் காதில் விழுந்தது. இந்த ஒரு விவரம்தான் நோயைக் காட்டிக்கொடுத்தது. இதன் பெயர் நார்கோலெப்ஸி. 1880-இல் பிரான்ஸ் மருத்துவர் ஜெலினோ வைத்த பெயர். சுமார் 2000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சிரிப்பில் உடல் தளர்வதைக் கேட்டப்ளெக்ஸி என்பார்கள். இந்த நோய் உள்ள எல்லோருக்கும் அது வருவதில்லை.

ஏன் தளர்கிறது? கனவில் ஓடுகிறோம், ஆனால் கட்டிலை விட்டு எழுந்து ஓடுவதில்லை அல்லவா? கனவு காணும் தூக்கத்தின்போது, மூச்சுக்கும் கண்ணசைவுக்குமான தசைகளைத் தவிர மற்றவற்றை மூளை தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி விழிப்புக்குள் நுழைந்துவிட்டால் நடப்பதுதான் கேட்டப்ளெக்ஸி. மனம் விழித்திருக்கிறது, தசை மட்டும் கனவுத் தூக்கத்தில் கிடக்கிறது.

சரி, நுழைய விடுவது எது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமெண்ட், இதே நோய் உள்ள நாய்களை வளர்த்து ஆராயத் தொடங்கினார். டாபர்மேன் இனத்தில் அது பரம்பரையாக வந்தது. சோதனை மிக எளிது. 12 சிறு உணவுத் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைப்பார்கள். மற்ற நாய் ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். இந்த நாயோ முதல் துண்டைக் கவ்விய சந்தோஷத்திலேயே பின்னங்கால் மடங்கி உட்காரும். எழும், அடுத்த துண்டுக்குப் போகும், மறுபடி சரியும். கண் திறந்தே இருக்கும். ஒவ்வொரு சரிவையும் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அந்த இளைஞருக்குச் சிரிப்பு, இந்த நாய்க்குச் சாப்பாடு. மகிழ்ச்சிதான் இரண்டு பேரையும் சாய்க்கிறது. நாயைச் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா?

அதே ஸ்டான்ஃபோர்டில் எமானுவேல் மிக்னோ என்ற ஆய்வாளரின் குழு பத்தாண்டுகளுக்கும் மேல் தேடி, 1999-இல் அந்த நாய்களில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தது. மூளையில் ஓரெக்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது, ஹைப்போகிரெட்டின் என்றும் சொல்வார்கள். விழிப்பை நிலையாகப் பிடித்து வைப்பது அதுதான். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அந்த நாய்களில் கெட்டிருந்தது. அதே ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி யானகிசாவாவின் குழு, ஓரெக்சின் இல்லாத எலிகளுக்கும் இதே நோய் வருவதைக் காட்டியது.

மனிதர்களிடம் தேடினால் ஏற்பி நன்றாகவே இருந்தது! 2000-இல், நோயாளிகள் ஒன்பது பேரின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தார்கள். ஏழு பேரிடம் ஓரெக்சின் தென்படவே இல்லை. இறந்துபோன நோயாளிகளின் மூளையைப் பார்த்தபோது, அதைச் சுரக்கும் செல்களில் 85 முதல் 95 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். ஓரெக்சின் சுரப்பவையோ ஏறக்குறைய 70,000 மட்டுமே. அந்தக் கைப்பிடியளவு செல்கள் அழிந்ததற்குத்தான் அந்த இளைஞர் 11 ஆண்டுகள் திட்டு வாங்கினார். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: அது சோம்பல் அல்ல, செல் இழப்பு.

அவை ஏன் அழிகின்றன? உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அவற்றைத் தாக்குகிறது என்பதற்கு வலுவான தடயங்கள் உண்டு. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. ஆனால் அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். 2009 பன்றிக்காய்ச்சல் பரவலுக்குப் பிறகு சீனாவில் புதிய நோயாளிகள் கூடினார்கள். அப்போது போடப்பட்ட ஒரு குறிப்பிட்ட தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்திலும் சுவீடனிலும் குழந்தைகளிடையே கூடினார்கள். எல்லாத் தடுப்பூசிகளையும் பற்றிய பேச்சு அல்ல இது, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாய் ஆராய்ச்சிக்கு இன்னொரு நல்ல விளைவும் உண்டு. ஓரெக்சின் விழிக்க வைக்கிறது என்றால், அதைத் தடுத்தால் தூக்கம் வர வேண்டுமே? அந்த யோசனையில் பிறந்த தூக்கமின்மை மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தூங்கிவிழுந்த நாய்கள் கற்றுக்கொடுத்தது, தூங்க முடியாதவர்களுக்கும் உதவியது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். கால் குடைச்சலுக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் குறட்டைக்கு வருகிறேன். எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் பலத்த குறட்டை சட்டென்று நின்று, பத்து நொடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு தொடங்கினால் தொண்டைக்குழாய் அடைபடுகிறது என்று பொருள். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி அந்த வழியைத் திறந்து வைக்கலாம் என்று காட்டினார். இன்றும் முதன்மையான சிகிச்சை அதுதான். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே அடுத்த முறை அந்த மௌனம் வந்தால், அவரைத் தட்டி எழுப்பும் முன் செல்போனில் கொஞ்சம் பதிவு செய்து, மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். வணக்கம்.