நூல் வேறு, பிரதி வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

"இந்த நாவல் இப்போது கிடைக்குமா?" என்று நூலகக் கணினியைக் கேட்கிறோம். நாவல் ஒன்று, அலமாரியில் அதற்குப் பிரதிகள் ஐந்து. இரவல் போவது பிரதிதான். இந்த வேறுபாடு கணினிக்குத் தெரியாவிட்டால் பதில் தப்பாகவே வரும். ஒரு துறையில் என்னென்ன உண்டு, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதைக் கணினிக்குப் புரியும்படி வரையறுத்து வைப்பதுதான் ஆன்டாலஜி.

ஆன்டாலஜி அமைக்க முதலில் எழுத வேண்டியது கேள்விகள். அது பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் பத்திருபது போதும். எந்தக் கேள்விக்கும் உதவாத வகையைச் சேர்க்காதீர்கள்.

வகைகளை அடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "ஒவ்வொரு நாவலும் ஒரு நூல்": சரி. "ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு நூல்": இடிக்கிறது அல்லவா? அத்தியாயம் நூலின் பகுதி, நூலின் வகை அல்ல. இதைக் குழப்பிக்கொண்டால், நூலுக்குச் சொன்ன விதியெல்லாம் அத்தியாயத்துக்கும் இறங்கி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஐஎஸ்பிஎன் எண் உண்டு என்றாகிவிடும்.

அடுத்தது உறவுகள். அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. ஆன்டாலஜி எழுத, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் பரிந்துரைத்த மொழி ஓடபிள்யூஎல். வாயால் 'ஆவுல்' என்போம். அதில் 'எழுதியவர்' என்ற உறவு நூலில் தொடங்கி மனிதரில் முடியும் என்று அறிவிக்கிறோம். டேட்டாபேஸ் பழக்கத்தில் இதைத் தப்பான தரவைத் தடுக்கும் காவல் என்று நினைப்பார்கள். ஆனால் யாரோ ஒரு கடிதத்துக்கு 'எழுதியவர்' சேர்த்தால் பிழை வராது. 'அப்படியானால் இந்தக் கடிதமும் நூல்தான்' என்று ரீசனர், அதாவது வரையறைகளிலிருந்து முடிவு காணும் மென்பொருள், முடிவு கட்டிவிடும். நூலும் கடிதமும் ஒன்றாக முடியாது என்று தனியே அறிவித்திருந்தால்தான் முரண்பாடு வெளிப்படும். தரவைச் சோதிக்க ஷேக்கிள் என்ற வேறு மொழி இருக்கிறது. அது 2017இல் வந்தது.

ஆன்டாலஜி எழுத உதவும் புரோட்டிஜே மென்பொருளில் ஐந்தாறு வகை சேர்த்ததுமே ரீசனரை ஓட்டிவிடுங்கள். உறுப்பே இருக்க முடியாத வகை சிவப்பில் தெரியும். ஐம்பது சேர்த்தபின் ஓட்டினால் எந்த வரி கெடுத்தது என்று தேடியே பொழுது போகும்.

சரி, நாவல் கிடைக்குமா? இரவல் பதிவு இல்லை என்பதால் மட்டும் பிரதி அலமாரியில் இருக்கிறது என்று ரீசனர் சொல்லாது. பதிவில் இல்லாததை அது 'இல்லை' என்று கொள்ளாது. 'தெரியாது' என்றே விடும். ஆகவே ஒன்று, அலமாரியில் இருக்கும் பிரதிகளை வெளிப்படையாகக் குறியுங்கள். அல்லது 'இரவல் பதிவு இல்லாத பிரதிகளைக் கொடு' என்று, தரவைக் கேட்டுப் பெறும் மொழியான ஸ்பார்க்கிளில் வினவல் எழுதிக் கேளுங்கள். வினவல் கையிலிருக்கும் தரவை மட்டுமே பார்க்கும்.