அநேகந்தரம் வந்த பெரியம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காத்து இரைச்சல் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தனுஷ்கோடிப் பக்கம் கடற்கரையில உக்காந்திருக்கேன். மணல்ல தோண்டுன இந்த ஊற்றைப் பாருங்க. அந்தா, கூப்பிடு தூரத்துல கடல். ஆனா இதுல ஊறுறது நல்ல தண்ணி. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல நிக்குது. ரொம்ப ஆழம் தோண்டுனா உவர்ப்பு ஏறிரும். சிரட்டையால மெதுவா மொண்டு குடத்துல ஊத்தணும். அவசரப்பட்டா கலங்கிரும், திரும்பத் தெளியுற வரைக்கும் காத்திருக்கணும்.

இன்னைக்கு பைபிள்ல வர்ற ஒநேசிப்போருவைப் பத்திப் பேசணும்னுதான் வந்தேன். பவுல் சிறையில இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுற ரெண்டாம் நிருபம், முதல் அதிகாரம். ஆசியா மாகாணத்துல இருக்கிற எல்லாரும் என்னை விட்டு விலகிட்டாங்கன்னு சொல்லிட்டு, அடுத்த வசனத்துலயே இந்த மனுஷனச் சொல்றாரு: "அவன் அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான், என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவுமில்லை." கிரேக்கத்துல அந்த 'இளைப்பாற்றினான்'ங்கிற வார்த்தைக்கு வேர்ப் பொருள் குளிரப்பண்றது, மூச்சு வாங்க விடுறது. ரோமாபுரிக்கு வந்து, பவுல் எங்க இருக்காருன்னு தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு. அவரு என்ன பிரசங்கம் பண்ணுனாருன்னு ஒரு வரிகூட இல்ல. தேடிப் போனதத்தான் பவுல் எழுதி வச்சிருக்காரு.

விலங்குன்னு படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க வீடு ஞாபகம் வரும். நான் பதினொண்ணாவது படிக்கும்போது எங்க அப்பா மீன்பிடிக்கப் போன படகை அக்கரையில, இலங்கையில, பிடிச்சுட்டாங்க. எல்லை தாண்டிட்டாங்கன்னு சிறையில போட்டுட்டாங்க. முதல் ஞாயித்துக்கிழமை சபையே வீட்டுக்கு வந்துச்சு, ஜெபம் பண்ணுனாங்க. ரெண்டாவது வாரம் நாலு பேரு. அதுக்கப்புறம் வாசல் வெறிச்சோடிப் போச்சு. "எல்லைக்கு ஏன் போனாரு?"ன்னு ஒருத்தர் எங்கம்மா முகத்துக்கு நேரா கேட்டாரு. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்னு இன்னொருத்தர் சொல்லிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அது சத்திய வசனம், நான் இன்னைக்கும் விசுவாசிக்கிறேன். ஆனா சமைக்க அரிசி இல்லாம நிக்கிற அம்மாகிட்ட, வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறதுக்கா அந்த வசனம்?

விடாம வந்தது ஒரே ஒரு பெரியம்மா. கடல்பாசி எடுக்கப் போறவங்க, சபையில கடைசி வரிசையில உக்காருவாங்க. பாறையில கை கிழியாம இருக்க விரல்ல துணி சுத்தியிருப்பாங்க. கடல்ல இருந்து நேரா எங்க திண்ணைக்கு வந்து, அந்த ஈரத்துணிய ஒவ்வொரு விரலா அவுத்துக்கிட்டே, "சேதி ஏதும் வந்துச்சா தாயி?"ன்னு கேப்பாங்க. இல்லன்னா, இல்லைங்கிறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அம்மா அழுதா அழ விடுவாங்க. போகும்போது ரெண்டே வரி ஜெபம்: "ஆண்டவரே, அவன் இன்னைக்கு ராத்திரி தூங்கட்டும். இவளும் தூங்கட்டும்." அன்னைக்கு அம்மா நிஜமாவே தூங்குவாங்க. அப்பா திரும்பி வர்ற வரைக்கும் அவங்க வந்தாங்க. அநேகந்தரம்!

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு போகாது. அந்த நாள்ல கூலிக்குப் போற குடும்பங்க சபையில சத்தமில்லாம உக்காந்திருக்கும். காணிக்கைத் தட்டு வரும்போது தலையக் குனிஞ்சுக்குவாங்க. அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. வாட்ஸப்ல கைகூப்புற படம் அனுப்புறதோட நிறுத்திராதீங்க. உங்க போதகரையும் "நீங்க நல்லா இருக்கீங்களா ஐயா?"ன்னு ஒருதடவை கேளுங்க. பவுலுக்கே ஆள் தேவைப்பட்டுச்சே. இன்னும் ஒண்ணு, ஒருதடவை போய்ட்டு கடமை முடிஞ்சதுன்னு நினைச்சிராதீங்க. ரெண்டாவது மாசந்தான் வீடு ரொம்ப அமைதியாயிரும், அப்பத்தான் ஆள் வேணும்.

குடம் நிறைஞ்சிருச்சு. எங்க தெருவுல ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரரு இப்ப அக்கரையில சிறையில இருக்காரு. இந்தத் தண்ணி அங்கதான் போகுது. அங்க கேமரா வேண்டாம், இங்கனயே நிறுத்திக்கிறேன்.