25 சதவீத ஹைக்கை நான் ஏன் விட்டேன்?

வணக்கம். சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து எனக்கு வந்த ஆஃபர் லெட்டரைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். இப்போது கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது. அவர்கள் தருவதாகச் சொன்னது 75,000. ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் சிறுசேரி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இதோ, இந்தத் தாளைப் பாருங்கள். நாவலூரில் ஒரு சின்ன வீட்டுக்கு மெயின்டனன்ஸோடு 14,000, சாப்பாட்டுக்கு 6,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போக ஆம்னி பஸ்ஸுக்கு 4,000 என்று எழுதிக் கூட்டினால் 24,000 ஆகிறது. தீபாவளி நேரத்து டிக்கெட் விலையை நான் இதில் சேர்க்கவே இல்லை. வேளச்சேரியில் சொந்த வீடு இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இதே வேலை கிடைத்திருந்தால், பெட்ரோல் செலவு போகவும் அவனுக்கு லாபம்தான்.

செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அமெரிக்காவில் மாஸ், பலாய்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், கால் சென்டர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் சம்பளமும் வேலைமுறையும் மாறுபடும் இரண்டு வாய்ப்புகளை வைத்து எது வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகச் சராசரியாக 8 சதவீதச் சம்பளத்தை விட்டுத்தர அவர்கள் தயாராக இருந்தது 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பின்னர் 27 நாடுகளில் நடந்த கருத்துக்கணிப்பில், வாரம் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கும் வசதியின் மதிப்பு சராசரியாக 5 சதவீதம் என்று வந்தது. பெண்களும் குழந்தை உள்ளவர்களும் நெடுந்தூரம் பயணிப்பவர்களும் அதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள்.

நிறுவனங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த சோதனையில், புதன், வெள்ளி ஆகிய இரு நாள்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றவர்களிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்விலும் அவர்கள் பின்தங்கவில்லை. ஆட்களைத் தேடுவதற்கும் பழக்குவதற்கும் ஆகும் செலவைக் கணக்கில் கொண்டால், இது சின்ன ஆதாயம் அல்ல.

ஆகவே, வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வருகிறேன், சம்பளத்தில் 5,000 குறைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனத்தின் எச்.ஆரிடம் கேட்டேன். நாள் கணக்கை மாற்ற இயலாது, வேண்டுமானால் 5,000 கூட்டித் தருகிறோம் என்று மறுநாளே பதில் வந்தது. கூட்டியும் என் தாளில் 4,000 உதைக்கிறது. திங்கட்கிழமை காலை நன்றி தெரிவித்து, வரவில்லை என்று எழுதிவிட்டேன்.