கேப்டன் லிங்கனின் எண்பது நாள்

நேயர்களுக்கு வணக்கம். ஆபிரகாம் லிங்கன் என்றதும் தாடியும் உயரத் தொப்பியும் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது அந்தத் தாடி வைக்காத, 23 வயது லிங்கனைப் பற்றி. எண்பது நாள் அவர் தொண்டர் படையில் இருந்த கதை.

1832ஆம் வருஷம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கடையில் லிங்கன் வேலை பார்க்கிறார். கடை நொடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில், மாநிலச் சட்டசபைக்கு நிற்கப்போவதாக வேறு மார்ச் மாதமே அறிவித்துவிட்டார். ஏப்ரலில் ஆளுநரிடமிருந்து ஆள் சேர்ப்பு அழைப்பு வருகிறது. லிங்கன் போய்ச் சேர்ந்துகொள்கிறார். நாட்டுப்பற்று இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலை போகப்போகிற, ஓட்டுக் கேட்கப்போகிற இளைஞனுக்கு அது கைக்கு வந்த நல்ல வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாரோடு சண்டை? சாக் பழங்குடியின் முதிய போர்வீரர் பிளாக் ஹாக்கோடு. 1804இல் சாக் மக்களில் ஒரு சிலர் போட்ட ஒப்பந்தத்தை வைத்து மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலமெல்லாம் எங்களுடையது என்றது அமெரிக்க அரசு. பிளாக் ஹாக் அதை ஏற்கவே இல்லை. 1832 ஏப்ரலில் ஆற்றைத் தாண்டித் தன் பழைய மண்ணுக்குத் திரும்பினார். கூட வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் எல்லாரும் உண்டு. படையெடுத்து வருகிறவன் குழந்தைகுட்டியையும் கூட்டிக்கொண்டா வருவான்? அப்போதிருந்த பதற்றத்தில் அதையெல்லாம் யோசிக்க அதிகம் பேர் இல்லை.

இந்தப் படையில் ஒரு வேடிக்கை. கேப்டனை மேலிடம் நியமிப்பதில்லை, சிப்பாய்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஓட்டுச் சீட்டும் கிடையாது. போட்டியிடுகிறவர்கள் திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். யார் யாருக்கு யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். ஏப்ரல் 21 அன்று ஒரு பக்கம் மர அறுப்பு ஆலை வைத்திருந்த கிர்க்பாட்ரிக், இன்னொரு பக்கம் கடைச் சிப்பந்தி லிங்கன். லிங்கன் பின்னால்தான் வரிசை நீண்டது. 1859இல் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தபோது, இந்த வெற்றி தந்த மகிழ்ச்சியை அதற்குப் பிறகு வேறெந்த வெற்றியும் தரவில்லை என்று எழுதினார். இடையில் அமெரிக்க காங்கிரஸுக்கே போய் வந்த மனிதர் சொல்கிற வார்த்தை இது.

சரி, கேப்டன் ஆகியாயிற்று. படை நடத்தத் தெரிய வேண்டுமே! அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்ததாக ஒரு கதை உண்டு. இருபது இருபது பேராக அகல வரிசையில் வயலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிரே வேலி, அதில் ஒரு குறுகலான வாசல். வரிசையை நீளவாக்கில் திருப்ப என்ன உத்தரவு கொடுக்க வேண்டும்? சுத்தமாக நினைவுக்கு வரவில்லை. வாசலோ நெருங்குகிறது. "இந்தப் படை இரண்டு நிமிஷத்துக்குக் கலைக்கப்படுகிறது, வாசலுக்கு அந்தப் பக்கம் மறுபடி அணிவகுக்கவும்" என்று கத்தினாராம்.

அவருடைய ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. ஒருமுறை சாராயத்தைக் குடித்துவிட்டு மறுநாள் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார்கள். தண்டனை கேப்டனுக்கு. இரண்டு நாள் மரக்கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று.

மே கடைசியில் தவணை முடிந்தது. பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். லிங்கன் போகவில்லை, சாதாரணச் சிப்பாயாக மறுபடி சேர்ந்தார். அப்போது அவரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட இளம் அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன். 1861இல் சம்ட்டர் கோட்டையில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகளை வாங்கியவர் இதே ஆண்டர்சன்தான். அன்றைக்கு ஜனாதிபதி, அவர் பெயர் எழுதிக்கொண்ட அந்தச் சிப்பாய்.

ஒரு சண்டையிலும் லிங்கன் நேராகக் கலந்துகொள்ளவில்லை. ஆனால் சண்டை முடிந்த இடங்களுக்குப் போனார். ஜூன் மாதம் கெல்லாக்ஸ் குரோவ் என்ற இடத்தில் இறந்து கிடந்த ஐந்து பேரைப் புதைக்க உதவினார். தலைத்தோல் உரிக்கப்பட்ட உடல்கள். காலை வெயில் அவர்கள் மேல் சிவப்பாக விழுந்துகொண்டிருந்ததையும், ஒவ்வொரு தலையிலும் ஒரு டாலர் நாணயம் அளவுக்குச் சிவப்பு வட்டம் இருந்ததையும் பல வருஷம் கழித்து விவரித்திருக்கிறார். இந்த இடத்தில் மட்டும் அவரிடம் வேடிக்கைப் பேச்சு இல்லை.

ஜூலை 10இல் விடுவிக்கப்பட்டார். முந்தின இரவு யாரோ குதிரையைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். நடந்தும் தோணியிலும் ஊர் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 6 தேர்தலில் பதின்மூன்று பேரில் எட்டாவது இடம், தோல்வி. ஆனால் நியூ சேலம் வாக்குச்சாவடியில் பதிவான 300 ஓட்டில் 277 அவருக்கு. அந்தப் படையில் பழக்கமான வழக்கறிஞர் ஜான் ஸ்டூவர்ட் சட்டம் படிக்கச் சொல்லிப் புத்தகமும் கொடுத்தார். என்னைக் கேட்டால், அந்த எண்பது நாளில் கிடைத்த பெரிய சம்பாத்தியம் அதுதான்.

1848இல் காங்கிரஸில் பேசும்போது தன்னையே கிண்டல் செய்துகொண்டார். நானும் போர் வீரன்தான், கொசுக்களோடு எத்தனையோ ரத்தக்களரியான யுத்தம் நடத்தியிருக்கிறேன் என்றார். சபை சிரித்திருக்கும். நானும் முதன்முதலில் படித்தபோது சிரித்தேன். அப்புறம் பிளாக் ஹாக்கின் ஆட்களுக்கு என்ன ஆயிற்று என்று படித்தேன். லிங்கன் ஊர் திரும்பிச் சில நாளிலேயே, 1832 ஆகஸ்ட் தொடக்கத்தில், பேட் ஆக்ஸ் என்ற இடத்தில் மிசிசிப்பியைத் தாண்டித் தப்பிக்கப் பார்த்தவர்களைப் படைகள் சுட்டுத் தள்ளின. பெண்களும் குழந்தைகளும் ஆற்றிலேயே மாண்டார்கள்.

அந்தப் போரில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் பின்னாளில் நிலம் கொடுத்தது. லிங்கனுக்கு இரண்டு தவணையாக மொத்தம் 160 ஏக்கர், அயோவா மாநிலத்தில். அதில் 40 ஏக்கர் டாமா மாவட்டத்தில். 1857இல் அதே மாவட்டத்துக்கு மெஸ்குவாக்கி மக்கள் திரும்பி வந்தார்கள். சாக் மக்களின் பங்காளிகள், முன்பு அங்கே வாழ்ந்து வெளியேற்றப்பட்டவர்கள். தங்கள் பழைய மண்ணில் 80 ஏக்கரை ஆயிரம் டாலர் எண்ணி வைத்து விலைக்கு வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். வணக்கம்.