ஒரே ஒரு சுரம் மட்டும் ஏன் வீங்கியது? ஸ்டூடியோ செய்திகளும் புது வகுப்புகளும்

எல்லாருக்கும் வணக்கம். நம் சமூக இசை ஸ்டூடியோவின் பெரிய பதிவறை ஏன் பூட்டியே கிடக்கிறது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறை திறந்தாயிற்று. நான் இப்போது நிற்பது அங்கேதான். புது வகுப்புகளுக்கும் பெயர் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை பாடத்திட்டம் என்று யாரும் தனியாக உட்கார்ந்து எழுதவில்லை. கடந்த சில மாதங்களில் இங்கே எது எது எங்களைப் படுத்தியதோ, அதிலிருந்துதான் ஒவ்வொரு வகுப்பும் முளைத்திருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்த அறை. பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், சுவர் முழுக்கக் கறுப்பு நுரை, முக்கோணம் முக்கோணமாக. போட்டோவுக்கு அசல் ஸ்டூடியோ மாதிரியே இருக்கும். கை தட்டினால் எதிரொலியே வராது. ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் மட்டும் சத்தம் குப்பென்று வீங்குகிறது, பக்கத்துச் சுரங்கள் ஒழுங்காக இருக்கின்றன. கிட்டாரை மாற்றினார்கள், ஆம்ப்ளிஃபையரை மாற்றினார்கள், வாசிக்கிற ஆளையும் மாற்றிப் பார்த்தார்கள். வீக்கம் வற்றவில்லை.

கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். அந்தச் சுரம் ஜி, அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 49 அதிர்வு. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 343ஐ 49ஆல் வகுத்தால் 7. ஒரு அலையின் நீளம் 7 மீட்டர். இந்த அறையின் அகலம் 3.5 மீட்டர், அதாவது சரியாக அரை அலை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அரை அலை அப்படியே பொருந்திவிட்டால் அந்தச் சுரத்தை அறையும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்துவிடும். கிட்டார்காரர் பாவம், அவர் என்ன செய்வார்?

ஸ்பீக்கரில் அந்த 49 ஹெர்ட்ஸை மட்டும் விடுகிறேன், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். சுவரோரம் நிற்கிறேன்... கேட்கிறதா, நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. அப்படியே நடு அறைக்கு வருகிறேன்... பாருங்கள், கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. எதிர்ச் சுவருக்குப் போகிறேன்... திரும்பவும் வந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அறையைச் சரிசெய்யும் வேலை முடிந்த பிறகும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. முன்னால் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

சரி, நுரை ஏன் இதைத் தடுக்கவில்லை? 5 சென்டிமீட்டர் நுரை 7 மீட்டர் அலையை என்ன செய்துவிடும்? அது கீச்சு ஒலிகளை மட்டும் விழுங்கும். கைதட்டல் அடங்கிவிடும், கீழ் ஒலிகள் அடங்காது. உள்ளதும் கெட்டது என்பதுபோல, மேல் ஒலிகள் குறையக் குறைய அடியில் இருக்கிற முழக்கம் இன்னும் எடுப்பாகத் தெரியும். முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒலிக்கும் பெரிதாக உதவாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

நுரையை எல்லாம் பிரித்தோம். மரச்சட்டத்துக்குள் ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த, கம்பளி மாதிரியான நார்) அடைத்து, துணி போர்த்தி, சுவரை ஒட்டாமல் ஒரு கை அளவு இடைவெளி விட்டு மாட்டினோம். அந்த இடைவெளிதான் முக்கியம். காற்றின் அசைவு சுவரை ஒட்டி மிகக் குறைவு, சற்றுத் தள்ளி அதிகம். நார் அங்கே இருந்தால்தான் அந்த அசைவைப் பிடித்துத் தேய்க்கும். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடிமனாக அடுக்கினோம், கீழ் ஒலிகள் மூலையில்தான் குவிகின்றன. ராக்வூலைத் தொட்டவர்கள் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டிருந்தார்கள். போட்டும் அன்று இரவு எல்லாருக்கும் அரிப்பு.

அப்புறம் காசே செலவாகாத ஒரு வேலை: பேஸ் ஆம்ப்பைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தினோம். உண்மையைச் சொன்னால் பாதி வித்தியாசம் அதிலேயே வந்துவிட்டது என்பது என் எண்ணம். பேனல் செய்ய வியர்வை சிந்தியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதனால் அறைக்குள் ஒலி சீராகும், வெளியே போகிற சத்தம் குறையாது. அதற்குக் கனமான சுவர், காற்றுப் புகாத கதவு, ஒன்றையொன்று தொடாத இரட்டைக் கட்டுமானம் எல்லாம் வேண்டும். அது வேறு வேலை, வேறு பட்ஜெட். ஆகவே டிரம்ஸ் நேரக் கட்டுப்பாடு பழையபடியேதான். இரவில் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

இந்தக் கூத்திலிருந்து பிறந்ததுதான் முதல் வகுப்பு, "காதைப் பழக்குவோம்". கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு பாட்டில் 200 ஹெர்ட்ஸை ஏற்றினால் எப்படிக் கேட்கும், 3000ஐ ஏற்றினால் எப்படிக் குத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். அறையில் எங்கே நின்றால் எது கூடும், எது குறையும் என்று நடந்து நடந்து கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாரும் முதலில் சேர வேண்டியது இதில்தான். ஆனால் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன், பதிவுகளைக் கலந்து பாட்டாக்குகிற மிக்ஸிங் வகுப்பில்தான் கூட்டம் முட்டி மோதுகிறது. அறையில் கெட்டதை மிக்ஸில் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை யாரையும் விடுவதாக இல்லை.

இரண்டாவது சங்கதி, ஹம். சின்ன அறையில் ஒரு வாரமாக எதைப் பதிவு செய்தாலும் அடியில் "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். மின்சாரம் ஊருக்குத் தகுந்தபடி வினாடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது இல்லையா, அதுவும் அதன் மடங்குகளும்தான் காதில் விழுகின்றன. கேபிளை மாற்றினார்கள், போகவில்லை. விளக்கை அணைத்தார்கள், போகவில்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்கிற அக்கா பேசாமல் எழுந்து போய் தன் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். அறை அமைதியாகிவிட்டது.

நடந்தது இதுதான். லேப்டாப்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், இரண்டையும் ஆடியோ கேபிள் ஒன்று சேர்க்கிறது. ஒரு வளையம் உருவாகி, அதில் மின்னோட்டம் சுற்றுகிறது. நடுவில் டிஐ பாக்ஸ் என்கிற சின்ன இணைப்புப் பெட்டி ஒன்றை வைத்து, அதில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் ஆடியோ பக்கத்து எர்த் இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும், வளையம் அறுந்துவிடும். சிலர் பிளக்கில் இருக்கிற எர்த் பின்னையே வெட்டி எறிவார்கள். ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் ஏதாவது கோளாறு என்றால் ஆளும் போய்விடுவார். கிட்டார் தந்தியில் கை, மைக் வலையில் உதடு, இரண்டுக்கும் நடுவில் நீங்கள். விளையாட்டில்லை.

அதனால்தான் இந்தத் தடவை புதிதாக ஒரு நாள் பட்டறை: கேபிளும் சால்டரிங்கும் (கம்பிகளைப் பற்றவைப்பது). மைக்கில் மாட்டுகிற எக்ஸ்எல்ஆர் கேபிளில் மூன்று கம்பி ஏன் இருக்கிறது, ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் அனுப்பி மறுமுனையில் கழித்தால் வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் எப்படி மறைகிறது என்று பிரித்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அலமாரியில் செத்துப்போன கேபிள்கள் ஒரு குவியலே கிடக்கின்றன, பயிற்சிக்கு அவைதான். பட்டறை முடிந்தால் ஸ்டூடியோவுக்கும் லாபம், மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு பதிவு. வயதான அம்மா ஒருவர் தன் தாயிடம் கேட்ட தாலாட்டை பேரப்பிள்ளைகளுக்காகப் பதிவு செய்ய வந்திருந்தார். நல்ல குரல், தாளம் பிசகாத பாட்டு. ஹெட்போனை மாட்டியதும் இழுக்கத் தொடங்கிவிட்டார். அடி எடுப்பார், நிறுத்துவார், "என் குரல் எனக்குப் பின்னாலேயே வருகிறது தம்பி" என்றார். பதற்றம் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைத் துணுக்குகளாகச் சேர்த்துவைத்து அனுப்புகிற கட்டு, 1024 துணுக்குகளில் இருந்தது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 துணுக்கு என்றால், அது ஒரு வழிக்கே 21 மில்லி வினாடி, உள்ளே போய் வெளியே வர அதைப்போல் இரண்டு மடங்கு. பதினான்கு மீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் உங்கள் குரலிலேயே உங்களோடு பாடினால் நீங்கள் தாளத்தில் நிற்பீர்களா?

பஃபரைக் குறைத்தோம். அதைவிட நல்லது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இண்டர்ஃபேஸ் பெட்டியிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு குமிழ் இருக்கிறது, குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். அதையும் திருப்பினோம். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், இன்னொரு காது திறந்தபடி. மடியில் ஒரு தலையணையைப் போட்டுக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே பாடினார். அந்தத் தட்டலும் பதிவில் விழுந்திருக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அவர் மகள் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

பதிவு வகுப்பில் இந்த ஹெட்போன் விஷயத்துக்கென்று ஒரு நாள் முழுதாக ஒதுக்கியிருக்கிறார்கள், சரியான முடிவு. மற்றபடி அந்த வகுப்பில் வழக்கமான பாடங்கள்: டைனமிக் மைக், கண்டென்சர் மைக், எதற்கு 48 வோல்ட் ஃபான்டம் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகிற மின்சாரம்) வேண்டும், பழைய ரிப்பன் மைக்குக்கு அதை ஏன் தட்டிவிடக் கூடாது, மைக்கை நெருங்க நெருங்கக் குரல் ஏன் கனக்கிறது. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், சேர்த்துக் கேட்கையில் சில ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அலையைத் தலைகீழாக்குகிற போலாரிட்டி பொத்தானை அழுத்தி, எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். லெவலை எட்டுகிற மட்டும் ஏற்றும் பழக்கத்தையும் அங்கே உதறிவிடுவார்கள். 24 பிட்டில் பதிவு செய்கிறோம், உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில், அதாவது எல்லைக்குப் பத்து டெசிபல் கீழே, நின்றால் தாராளம்.

மிக்ஸிங் வகுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது எப்படியும் நிரம்பிவிடும். ஒன்று மட்டும். சத்தமாக முடித்துக் கொடுத்தால் பாட்டு எடுபடும் என்பது பழைய கதை. ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, ஸ்பாட்டிஃபையில் வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரிகிற சத்தத்தின் அளவுகோல்), கொண்டுவந்துவிடுகின்றன. நீங்கள் நசுக்கி நசுக்கி ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியதுதான். எந்த மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: ஆடாசிட்டி, ஆர்டர், ரீப்பர், எது தெரியுமோ அதோடு வாருங்கள். வகுப்பு மென்பொருளைப் பற்றியது இல்லை.

மிடி வகுப்பு இளைஞர்களுக்கு, பீட் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு. மிடியில் ஒலியே கிடையாது, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினாய் என்ற குறிப்பு மட்டும்தான். அழுத்தத்துக்கு 0 முதல் 127 வரை, சேனல் 16. 1983இல் வந்த ஏற்பாடு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, சொல்லித் தருகிறவருக்கு இருக்கிறது, அது போதும்.

டிரம்ஸ் அறைக் கதவுக்கு மேலே புதிதாக ஒரு டெசிபல் மீட்டர் தொங்குகிறது. வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவுகளில் பரவலான ஒன்று, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி நேரம். 100க்குக் கால் மணி. டிரம்ஸ் அறையில் 100 சர்வ சாதாரணம். காதடைப்பான் டப்பா கதவோரம் இருக்கிறது, எடுக்காமல் உள்ளே போனால் பொறுப்பாளர் அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பியும் இருக்கிறார், வாசிக்கத் தெரிந்த பெரிய கைகளையே.

கடைசியாக, நாலு பேர் சேர்ந்து பாட்டு செய்கிறவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று: உரிமை பற்றிய ஒரு மாலை அமர்வு. மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒரு உரிமை, பதிவுக்குத் தனியாக இன்னொரு உரிமை. பதிவு ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறி உண்டு. யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பாட்டு முடிந்த அன்றே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாட்டு ஓடாதவரைக்கும் எல்லாரும் பங்காளிகள்தான், ஓடத் தொடங்கினால் எல்லாரும் பங்காளிகளாகிவிடுவார்கள். புரிகிறதல்லவா?

பெயர் கொடுக்க முன்வாசல் மேசையில் நோட்டு இருக்கிறது. மிக்ஸிங் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் எழுதிவிட்டு, "காதைப் பழக்குவோம்" வகுப்பில் போய் உட்காருங்கள், அதில் இன்னும் இடம் இருக்கிறது. எந்த வகுப்புக்கு வந்தாலும் வயர் உள்ள ஹெட்போன் கொண்டுவாருங்கள். ப்ளூடூத் வேண்டாம், அதன் தாமதம் அந்த அம்மா பட்ட பாட்டைவிட மோசம். சால்டரிங் பட்டறைக்கு மட்டும் எதுவும் கொண்டுவர வேண்டாம், பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போதும்.