நெறி கட்டி ஆறு வாரம் ஆகிவிட்டதா?

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஞாயிறு காலை, நம் மக்கள் கூடிய உடல்நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இரண்டு நாட்டுக் கணக்கைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். லிம்ஃபோமா என்பது நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் நெறியாகத்தான், அதாவது நிணநீர் முடிச்சு வீக்கமாகத்தான், வெளியே தெரியும். அதில் பெரிய பிரிவு நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. 2020-இல் அமெரிக்காவில் அது ஏறக்குறைய 77,000 பேருக்கு வந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு இந்தியாவில் நோய் வந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் சுமார் 36,000 பேர். இறந்தவர்கள்? அங்கேயும் சுமார் 20,000. நோயாளிகள் பாதிக்கும் குறைவு, சாவு மட்டும் சரிக்குச் சமம். கண்டுபிடிக்கப்படாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உலகம் முழுக்க 2022-இல் இந்த நோய் சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு வந்தது, இரண்டரை லட்சம் பேரைக் கொண்டுபோனது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வருகிறது. அங்கே முதியவர்கள் அதிகம், சோதனை வசதியும் அதிகம். ஆனால் வந்தவர்களில் பிழைப்பவர்களும் அங்கேதான் அதிகம்.

எந்த வகை எங்கே வருகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டாவின் கம்பாலாவில் வேலை பார்த்தார். 1957-இல் அவரிடம் ஒரு சிறுவனைக் காட்டினார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டு பக்கமும் வீக்கம். ஒரு கட்டி நாலு மூலையிலும் எப்படி வரும் என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளில் வேறொரு ஊரில் இன்னொரு குழந்தை, அதே முகம். பழைய படங்களைப் புரட்டினார், ஆப்பிரிக்கா முழுக்க மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டார். 1961-இல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய காரில் 10,000 மைல் சுற்றி, ஒவ்வோர் ஊராக விசாரித்தார். வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், வெப்பமும் மழையும் உள்ள தாழ்நிலங்களில் கட்டி இருந்தது. குளிர்ந்த மேட்டுநிலத்தில் இல்லை. மலேரியா இருக்கும் இடமும் அதுதான். அவர் லண்டனில் பேசியதைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர், அந்தக் கட்டிகளை வரவழைத்து ஆராய்ந்தார். 1964-இல் அச்சோங், பார் என்ற இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதற்குள் ஒரு வைரஸைக் கண்டார். மனிதப் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். எனக்கு இன்றும் வியப்பு அந்தப் பழைய காரின் மேல்தான்.

பர்கிட் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டியும் ஒரு வகை லிம்ஃபோமாதான். இன்று பணக்கார நாடுகளில் இந்த பர்கிட் கட்டி வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அது கண்டுபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்காவிலோ பல இடங்களில் பாதிப் பேர் பிழைப்பதே கஷ்டம். இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வராமல் இருப்பதில்லை.

தென்மேற்கு ஜப்பானில் வேறொரு வைரஸால் வரும் வகை உண்டு. கிழக்காசியாவிலும் நம் தென்கிழக்காசியாவிலும் மூக்கில் வரும் ஒரு வகை, மேல்நாடுகளைவிட அதிகம். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, ரத்தக் கசிவு என்று வரும். சைனஸ் என்று நினைத்து மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, சாவில் இவ்வளவு வித்தியாசம் ஏன்? மருந்து ஒரு காரணம். 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டக்சிமாப் என்ற மருந்து, பழைய கீமோவோடு சேர்ந்ததும், பி-செல் என்ற வெள்ளணுக்களில் தொடங்கும் வகைகளில் பிழைப்பவர்கள் கூடினார்கள். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பதும் நோயாளியின் கையில் ஏறுவதும் ஒன்றல்ல. நம் மலேசியாவில் ரத்தநோய்க்கென்றே அம்பாங் மருத்துவமனை இருக்கிறது, பினாங்கிலும் பெரிய அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. நமக்குக் குறை வேறு இடத்தில்: நாம் போய்ச் சேரும் நாள்.

கழுத்தில் நெறி கட்டினால் நம் வீட்டில் என்ன செய்வோம்? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவோம். சளிக்கும் பல்வலிக்கும் கட்டிய நெறி பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், அதனால் பற்றின் மேல் நம்பிக்கையும் வளர்ந்துவிடும். லிம்ஃபோமா நெறி பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லாததால்தான் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. மூன்று, நான்கு வாரத்தில் வடியாத நெறி, காரணமில்லாத காய்ச்சல், உடம்பு இளைப்பது, ராத்திரியில் படுக்கை நனையும் வேர்வை, இவற்றில் எது இருந்தாலும் போய்க் காட்டுங்கள். கோலாலம்பூர் புழுக்கத்து வேர்வையைச் சொல்லவில்லை. எழுந்து சட்டை மாற்றவைக்கும் வேர்வையைச் சொல்கிறேன். காசநோயும் இப்படியே வரும். அதனால் சோதிக்காமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கி மாதங்களை இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பரவாது. கத்தி படாமல் இந்த நோய்க்குப் பெயரே வைக்க முடியாது. பல வகைகளுக்கு ஊசியால் இழுத்துப் பார்ப்பது போதாது. முடிந்தால் நெறியை முழுதாக எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். இன்னொன்று, பயாப்சிக்கு, அதாவது இப்படி எடுத்துச் சோதிப்பதற்கு, முன்னால் மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்காதீர்கள். நெறி சில நாளில் சுருங்கிவிடும், சோதனையில் நோய் பிடிபடாமலும் போகலாம்.

அரசாங்க கிளினிக்கில் நம் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டரிடம் நெறியைத் தொட்டுக் காட்டி, எத்தனை வாரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வடியாவிட்டால் மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.